யாரும் புகார் தரவில்லை, ராகிங்கை எப்படித் தடுப்பது?

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறேன். சென்ற மாதம் ஆண்கள் விடுதிக்கு வார்டன் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். போன வாரம் ஒருநாள் இரவு ஒரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் சத்தம் கேட்டு ஏறிப்போனால், முதலாண்டு மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள், எதிரே சீனியர்கள். “சும்மா இன்ட்ரோ சார்” என்று சிரித்தார்கள். மறுநாள் காலை ஒரு முதலாண்டு மாணவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். கேட்டால் ஃபுட்பால் ஆடும்போது அடிபட்டதாம். விடுதி மாணவர்கள் எல்லோரையும் கூட்டி, “ராகிங் நடந்திருந்தால் பயப்படாமல் சொல்லுங்கள்” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் துறையின் மூத்த பேராசிரியரோ, “நாமெல்லாம் இதைத் தாண்டித்தானே வந்தோம்? கொஞ்சம் இருந்தால்தான் பசங்களுக்குள் ஒற்றுமை வரும். பெரிசுபடுத்தாதே” என்கிறார். புகாரே இல்லாமல் நான் என்ன செய்ய முடியும்? இனி நடக்காமல் எப்படித் தடுப்பது?

பதில்:

முதலில் அந்தப் பையன். மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபுட்பாலில் அடிபட்டால் பெரும்பாலும் ஒரு கால் வலிக்கும். இரண்டு தொடையும் மடங்க மறுத்து, கம்பியைப் பிடித்துத்தான் இறங்க முடிகிறது என்றால், நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடவைத்தார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். நான் மாணவர் நல ஆலோசகர், மருத்துவர் இல்லை. ஆனால் இந்த வேலையில் இருக்கும் யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி வதைத்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து கசியும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவது, தொடை வீங்கி இறுகுவது, வாந்தி, சிறுநீர் குறைவது ஆகியவை அதன் அறிகுறிகள். 1997-இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியியல் மாணவர் இப்படிக் கட்டாய உடற்பயிற்சிக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தார். அடுத்த ஆண்டே அங்கே பகிடிவதைக்கு (ராகிங்கை இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள்) எதிரான சட்டம் வந்தது.

ஆகவே அவனை இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலி குறைந்துவிட்டது என்று அவன் சொன்னாலும் ரத்தமும் சிறுநீரும் ஒருமுறை பார்த்துவிடட்டும். ‘விளையாட்டில் அடி’ என்று மருத்துவரிடமும் சொல்லிவிட்டால் அவர் எலும்பைப் பார்த்து அனுப்பிவிடுவார். உடற்பயிற்சி செய்யவைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. குடிக்கவைத்து நினைவு தப்பிய மாணவனை ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று அறையில் கிடத்திவிட்டுப் போவது உலகம் முழுக்க நடக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் அப்படிக் குடிக்கவைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்தார். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் ஆம்புலன்ஸுக்கு அழைக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை. மாட்டிக்கொள்வோமே என்ற பயம்தான் அந்தப் பன்னிரண்டு மணி நேரம். பென்சில்வேனியா மாநிலம் மறு ஆண்டு கொண்டுவந்த சட்டத்தில், உதவிக்கு அழைத்துவிட்டு, பாதிக்கப்பட்டவருடன் கூடவே இருந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் விடுதியிலும் இதே பேச்சை வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்: யாருக்காவது உடம்புக்கு ஆபத்து என்றால் முதலில் எனக்கோ ஆம்புலன்ஸுக்கோ போன் செய்கிறவனை நான் குற்றவாளியாக நடத்தமாட்டேன். சொல்வதற்கு முன் நிர்வாகத்திடம் இதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சொன்னபடி நிற்க முடியாத வாக்குறுதி, கொடுக்காததைவிட மோசம்.

சரி, அவனிடம் எப்படிப் பேசுவது? “உன்னை ராகிங் பண்ணினார்களா?” என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும், அதை அவன் பொய் என்று நினைத்துச் சொல்வதும் இல்லை. 2008-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஆலன், மேரி மேடன் என்ற இரு ஆய்வாளர்கள் 53 கல்வி நிறுவனங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ராகிங் என்ற வரையறைக்குள் வரும் கொடுமைகளை அனுபவித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர், தங்களுக்கு நடந்தது ராகிங் என்றே எண்ணவில்லை. அப்படி எண்ணிய சிலரிலும் 95 சதவீதம் பேர் நிர்வாகத்திடம் போகவில்லை. இந்த எண்களைப் பார்த்த பிறகு, உங்கள் கூட்டத்தில் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்பது புதிராகத் தெரியாது. செய்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்லச் சொன்னால் யார் சொல்வார்கள்? அன்றிரவும் அவன் அதே தளத்தில்தானே தூங்க வேண்டும்?

நடந்ததைக் கேளுங்கள், பெயர் வைக்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? யாராவது எழுப்பினார்களா? எந்த அறைக்குப் போகவேண்டியிருந்தது? என்ன செய்யச் சொன்னார்கள்? மாட்டேன் என்று சொன்ன யாருக்காவது ஏதாவது நடந்ததா? உன் போனை யாராவது வாங்கிப் பார்த்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இப்போதெல்லாம் பாதி வேலை வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. ‘பதினோரு மணிக்கு மாடிக்கு வா’ என்ற உத்தரவு அங்கேதான் வரும், வராதவனுக்கான மிரட்டலும் அங்கேதான். அவன் சம்மதித்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் புகைப்படம். அவன் சொன்னதை அவன் வார்த்தைகளிலேயே எழுதுங்கள், உங்கள் முடிவை அதில் கலக்காதீர்கள்.

‘யாருக்கும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. “யாரிடம் சொல்லப்போகிறேனோ அதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்” என்று சொல்லலாம். அது போதும். நடந்ததைத் தடுக்க முடியாதபடி நின்றவனுக்கு, இனி நடப்பது முன்கூட்டியே தெரிகிறது என்பதே பெரிய தெம்பு. பெற்றோரிடம் எப்படிச் சொல்வது, அவனே பேசுகிறானா நீங்கள் பேசுவதா என்பதையும் அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தூக்கமில்லாமல் இருக்கிறான், சாப்பிடவில்லை, ‘இருந்து என்ன பயன்’ என்பது போலப் பேசுகிறான் என்றால் அன்றிரவு அவனைத் தனியே விடாமல் மனநல உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொரு பழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டு தரப்பையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கைகுலுக்கவைத்து, ‘அண்ணன் தம்பியாக இருங்கள்’ என்று சமரசம் பேசி அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம். அதிகாரம் சமமாக இருக்கும் இடத்தில்தான் சமரசம் செல்லும். அதேபோல, பாதுகாப்பு என்ற பெயரில் பாதிக்கப்பட்டவனை வேறு விடுதிக்கு மாற்றுவார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போகிறவன் அவன் என்றால், மற்ற பையன்களுக்குப் புரிவது ஒன்றுதான்: சொன்னவன் போய்விட்டான். இடம் மாறவேண்டியவர்கள் செய்தவர்கள். விசாரணை முடியும்வரை தற்காலிகமாகவாவது அவர்களை அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வையுங்கள்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி: புகார் இல்லாமல் என்ன செய்வது? புகார் இருக்கிறது. நீங்கள்தான் புகார். இரவு ஒரு மணிக்கு மாடியில் வரிசையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். தேதி, நேரம், இடம், நின்றவர்களில் உங்களுக்குத் தெரிந்த முகங்கள், மறுநாள் அந்த மாணவன் நடந்த விதம், உங்களுக்குக் கிடைத்த பதில்கள் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்திட்டு, நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு மாணவனும் தன் பெயரைக் கொடுக்காமலேயே விசாரணை தொடங்க இது போதும்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியா என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் உங்களைக் கட்டுப்படுத்தும். குற்றவியல் சட்டத்தின்கீழ் வரும் சம்பவம் என்றால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கின்றன அவை. பெயர் சொல்லாமல் பேசக்கூடிய 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதற்குப் பிறகு வந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம், ராகிங்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதுகிறது. இலங்கையில் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ இருந்தால் பத்து ஆண்டு வரை சிறை. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், பல்கலைக்கழகங்கள் இத்தகைய சம்பவங்களைக் கணக்கெடுத்துப் பகிரங்கமாக வெளியிடவேண்டும் என்கிறது. எங்கே இருந்தாலும், வார்டன் பார்த்தும் பேசாமல் இருந்தார் என்பது நாளை உங்களுக்கே எதிராக நிற்கும்.

உங்கள் பேராசிரியர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அந்த வாதம் சாவதில்லை. எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1959-இல் வெளியிட்ட சோதனை பிரபலமானது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த மாணவிகளில் சிலரைக் கூச்சப்படவைக்கும் வார்த்தைகளை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். சிலருக்கு அது லேசாக இருந்தது, சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சலிப்பூட்டும் உரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். அதிகமாகக் கூச்சப்பட்டு உள்ளே வந்தவர்கள்தான் அந்த உரையாடல் சுவையாக இருந்தது என்றார்கள். இவ்வளவு பட்டு வந்த இடம் மோசமாக இருக்க முடியாது என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. பேராசிரியரும் அதைத்தான் சொல்கிறார், என்ன, முப்பது வருடம் கழித்துச் சொல்கிறார். தாண்டி வந்தவர்கள் மட்டும்தான் இன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பற்றிச் சிரிக்க முடியும். முதல் பருவத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று உங்களோடு நின்றவர்களில் படிப்பை விட்டுப் போனவர்கள் யாராவது உண்டா? மேற்கொண்டு நீங்கள் பேசவேண்டியிருக்காது.

தடுப்பது பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதில் முழுச் சக்தியையும் முதலாண்டு மாணவர்கள் மீது செலவழிக்கின்றன. சேர்க்கையன்று உறுதிமொழிப் பத்திரம், பெற்றோர் கையெழுத்து, வளாகமெங்கும் சுவரொட்டி, ஒரு சொற்பொழிவு. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. அடி வாங்கப்போகிறவனிடம் போய் அடி தவறு என்று சொல்வதால் என்ன ஆகும்? மாடியில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருப்பார்கள். போன வருடம் இதே மாடியில் இந்தப் பக்கம் நின்றவர்கள். தாங்கள் பட்டதற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தக் கடனை வசூலிக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆள் அடுத்து வருகிறவன்.

அதனால் தடுப்பு வேலை தொடங்கவேண்டியது கல்வியாண்டின் முடிவில். முதலாண்டு முடிக்கப்போகும் மாணவர்களை, புதியவர்கள் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, ஆறேழு பேராக உட்காரவைத்துப் பேசுங்கள். அறிவுரை வேண்டாம். “உங்களுக்கு இந்த வருடம் என்ன நடந்தது? அதில் எது நடக்காமல் இருந்திருக்கலாம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் கேலியும் சிரிப்புமாகப் போகும். யாரோ ஒருவன் சிரிக்காமல் ஏதாவது சொல்வான். அப்புறம் கூட்டத்தின் தொனியே மாறும். தான் பட்டது அநியாயம் என்று ஒருவன் தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், அதையே இன்னொருவனுக்குச் செய்துவிட்டு ‘சும்மா இன்ட்ரோ’ என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்காது.

அடுத்து, அவர்களுக்கு வேறு ஒரு அந்தஸ்து கொடுங்கள். சீனியருக்கு வேண்டியது மரியாதை. புதியவன் தன்னைக் கவனிக்காமல் போய்விடுவானோ என்ற பயம் அந்த மிரட்டலுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்திய ஒழுங்குமுறைகளில் ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி மாணவர் என்ற ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது, ஆனால் நல்ல யோசனை. அறை ஒதுக்குவது, எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, பழைய வினாத்தாள், நூலக அட்டை என்று புதியவனுக்குத் தெரியாத நூறு விஷயங்கள் இருக்கும். அவற்றை அதிகாரபூர்வமாக அவர்கள் கையில் கொடுங்கள். ‘ஜூனியர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்’ என்ற பெருமை கிடைத்துவிட்டால், வரிசையில் நிறுத்தித்தான் அதைப் பெறவேண்டும் என்ற அவசியம் பாதிப் பேருக்குப் போய்விடும். ஆனால் வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். தலைமைக் குணம் இருக்கிறது என்று எல்லோரும் கைகாட்டும் ஆள்தான் சில சமயம் மாடிக் கூட்டத்தின் தலைவனாகவும் இருப்பான். போன வருடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்ற ஓரிருவர் எந்த விடுதியிலும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

மீதிப் பேருக்குக் கதவும் கண்ணும் வேண்டும். முதல் சில வாரங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகிலிருந்து விடியும் வரைதான் ஆபத்தான நேரம். மாடிக் கதவைப் பூட்டலாம், அவசர காலத்தில் உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்களைத் தனிக் கட்டடத்திலோ தனித் தளத்திலோ வையுங்கள். நீங்கள் சுற்றிவரும் நேரம் தினம் ஒன்றாக இருக்கக்கூடாது. கேமரா வையுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கேமரா வந்தால் கூட்டம் வளாகத்துக்கு வெளியே யாரோ வாடகைக்கு எடுத்த அறைக்கு நகரும், அங்கே உதவிக்கு வர யாரும் இருக்கமாட்டார்கள். பத்துப் பேரும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி முடிவெட்டிக்கொண்டு வருவது, காலை வகுப்பில் ஒரு பெஞ்ச் முழுக்கத் தூங்கி வழிவது, சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸுக்கு வராமல் இருப்பது போன்றவற்றைக் கேமரா சொல்லாது. மெஸ் ஊழியர், துப்புரவுப் பணியாளர், காவலாளி சொல்வார்கள். அவர்களிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெயரில்லாத கணக்கெடுப்பு நடத்துங்கள். இந்தியாவில் இது விதியாகவே இருக்கிறது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி, டிக் செய்யும் கேள்விகளாக இருக்கட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் நிரப்பட்டும், இல்லையென்றால் யார் போய் எழுதினான் என்று பார்த்துவைத்துக்கொள்வார்கள். முன்னே சொன்னதுபோல அதிலும் ‘ராகிங்’ என்ற வார்த்தை வேண்டாம்.

தண்டனை பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது ஒருமுறை ஒருவனைக் கல்லூரியை விட்டே நீக்குவதைவிட, சின்ன மீறலுக்கும் ஒரு வாரத்துக்குள் நிச்சயமாக ஏதாவது நடக்கும் என்பதுதான் வேலை செய்கிறது. தண்டனை பயங்கரமாக இருந்தால், ‘பாவம், அவன் வாழ்க்கை போய்விடும்’ என்று சாட்சிகளே பின்வாங்குவார்கள். ஆனால் காயம், பாலியல் வதை, கட்டாயக் குடி, சாதியையோ மதத்தையோ சொல்லி இழிவு செய்தது என்றால் அது விடுதி விவகாரமே இல்லை. நேராகக் காவல்துறை. செய்தவர்களை அடையாளம் காண முடியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்க இந்திய விதிகள் இடம் தருகின்றன. கடைசி வழியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். செய்யாதவனையும் சேர்த்துத் தண்டித்தால் அவனும் செய்தவன் பக்கம் சாய்ந்துவிடுவான், பேச நினைத்த ஒரே சாட்சியையும் இழப்பீர்கள். விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பையும் முழுதாகக் கேளுங்கள், அவன் பெற்றோருக்கும் தகவல் சொல்லுங்கள். அவனுக்கும் போன வருடம் ஏதாவது நடந்திருக்கும். தண்டனையைக் குறைக்க அது காரணம் ஆகாது, ஆனால் அதற்கும் ஒரு விசாரணை பாக்கி இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை மேலே இருப்பவர்கள் மேஜை டிராயரில் போட்டுவிட வாய்ப்பு உண்டு. நிறுவனத்தின் பெயர் கெடும் என்பார்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள், அதே அறிக்கையை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் ராகிங் தடுப்புக் குழுவுக்கும், துணைவேந்தர் அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். அதற்கும் அசையவில்லையென்றால் வளாகத்துக்கு வெளியே இருக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் காவல் நிலையத்துக்கும் நீங்களே போகலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தப் பையனின் மருத்துவ அறிக்கை வந்ததும் அவன் சம்மதத்தோடு ஒரு நகலை இந்தக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.